அம்மா சிரித்த மதியம்

ம்வான்ஸா நகரில் ஏரியைப் பார்த்து நிற்கும் அந்த விடுதியில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் லுஹெண்டே நின்றான் என்றால் மேலாளருக்குக் கவலையே இல்லை. வாசலில் வண்டி வந்து நிற்கும் விதம், கதவைச் சாத்தும் வேகம், பெட்டியைத் தரையில் வைக்கும் ஓசை, இவ்வளவு போதும் அவனுக்கு. வருகிறவர் என்ன மனநிலையில் வருகிறார், அவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டுமா, சாவி கொடுக்க வேண்டுமா என்று தெரிந்துவிடும். சண்டைக்கென்றே கிளம்பி வந்த ஆள்கூட அவனிடம் பேசி முடித்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

"மழை வர்றதுக்கு முன்னாடி எறும்புக்குத் தெரியுமே, அது மாதிரிடா நீ," என்பார் மேலாளர்.

அதை எங்கே கற்றாய் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. அவனும் யோசித்ததில்லை.

வீட்டில் அதே திறமை வேறு விதமாக வேலை செய்தது. அவன் மனைவி மின்ஸாவுக்குச் சந்தையில் துணிக்கடை. நாள் முழுக்க நின்றுவிட்டுக் கால் வலியோடு வருவாள். தம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைத்துவிட்டால் போதும், அவன் தலை நிமிரும்.

"கோபமா இருக்கியா?"

"இல்லையே."

மறுபடியும், "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"லிமி அப்பா, எனக்குக் கோபம் இல்ல. இன்னொரு தடவ கேட்டீங்கன்னா கண்டிப்பா வரும்."

அவனும் சிரிப்பான். ஆனால் அவள் 'இல்லை' என்று சொன்னதைக் காது கேட்டதே தவிர வயிறு கேட்காது. தொப்புளுக்கு மேலே யாரோ துணியை முறுக்கிப் பிழிவது போல இருக்கும். அவள் தூங்கிய பிறகும் அவள் மூச்சில் கோபம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு படுத்திருப்பான். கல்யாணமான புதிதில் மின்ஸாவுக்கு அது அன்பாகத் தெரிந்தது. லிமி பிறந்து, அடுத்து மகன் புந்தாலா பிறந்து, அவனுக்கு ஆறு வயதும் ஆன பிறகு, வீட்டுக்குள் ஒரு காவல்காரர் இருப்பது போலத் தெரிந்தது. தன் வீட்டில் தன் பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைக்க வேண்டியிருக்கிறதே என்று தோழியிடம் ஒருமுறை சொல்லி அலுத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் மாகு பக்கத்துக் கிராமத்திலிருந்து அவன் அம்மாவைப் பற்றிச் செய்தி வந்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, அடுப்பில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டாளாம். இனி தனியாக இருக்க முடியாது. லுஹெண்டே ஷின்யங்காவில் இருக்கும் அக்கா ஹோலோவுக்குப் போன் போட்டான். அவளுக்குப் பெரிய வீடு, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள்.

"என்னால முடியாதுடா," என்றாள் ஹோலோ.

"கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா. அப்புறம் நான்..."

"முடியாது. ஏன்னு கேக்காத. நீயும் வேண்டாம்னு சொல்லிடு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவன் ஒரே மகன். மாதம் பிறந்ததும் அம்மா வந்து இறங்கினாள். ஒரு கோழி, ஒரு பை நிறைய உலர்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, துணியில் சுற்றிய பெரிய பூப்போட்ட பிளாஸ்க்.

அவள் பெயர் மிலெம்பே. அவர்களுடைய சுகுமா மொழியில் சமாதானம் என்று அர்த்தம். வந்த ஒரு வாரத்தில் தெருவே அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் நிலக்கடலை உரித்துக் கொடுத்தாள், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூங்கவைத்தாள், கிறிஸ்தவக் கோயிலில் பாட்டுக்காரப் பெண்களோடு முதல் வரிசையில் உட்கார்ந்து பாடினாள். மின்ஸா கடையிலிருந்து வந்தால், "உக்காரு மவளே, உன் காலு வீங்கியிருக்கும்," என்று வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். மின்ஸாவின் சொந்த அம்மா அவளுக்கு அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

"இப்படி ஒரு மாமியார் கிடைக்க என்ன புண்ணியம் பண்ணினேனோ," என்று மின்ஸா எல்லோரிடமும் சொன்னாள். லுஹெண்டேயிடமும் சொன்னாள்.

"ஆமா," என்றான் அவன்.

அவன் வீட்டுக்கு வரும் நேரம் தள்ளிப்போக ஆரம்பித்தது. விடுதியில் வேலை அதிகம் என்றான். ஒருநாள் மாலை மின்ஸா காய்ந்த துணியை எடுக்க வெளியே வந்தபோது, வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் பெரும்பாறைக்குப் பின்னால் அவன் நிற்பதைப் பார்த்தாள். பள்ளிப் பையன் ஒளிந்து நிற்பது போலத் தலையைச் சாய்த்து, சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே அம்மா பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வராம இங்க என்ன பண்றீங்க?"

"போன் வந்துச்சு. பேசிட்டிருந்தேன்."

"உங்க போன் உள்ள சார்ஜ்ல கெடக்கு."

அவன் உள்ளே போனான். அவன் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. அன்று அப்படியொன்றும் வெயில் இல்லை.

அவனுக்கே அது என்னவென்று தெரியவில்லை. அம்மா அவனிடம் அன்பாகத்தான் பேசினாள். சாப்பிட்டாயா என்றாள், உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். அவள் நடந்து வரும் சத்தம் கேட்டால் மட்டும் அவன் கை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடும். நாற்பது வயதை நெருங்கும் ஆள், அம்மா அறையைக் கடந்து போகும்வரை கையில் கரண்டியோடு அசையாமல் நிற்பான். இவ்வளவு நல்ல அம்மாவைப் பார்த்து இப்படி நிற்கிறோமே, நமக்குத்தான் ஏதோ கோளாறு என்று தன்னையே திட்டிக்கொள்வான். வீட்டில் எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. அதனால் அதைச் சொல்ல அந்த வீட்டில் ஒரு ஆள்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து மதியம், அவன் மீன் வாங்கிக்கொண்டு வந்தான். வாசற்படியில் கால் வைக்கும்போது உள்ளே ஏதோ விழுந்து நொறுங்கும் சத்தம். அம்மாவின் பிளாஸ்க். புந்தாலா தானே தேநீர் ஊற்றிக்கொள்கிறேன் என்று தூக்கி, கைதவறிப் போட்டுவிட்டான். தரையெல்லாம் தேநீர், அதில் மீன் செதிள் போலக் கண்ணாடிச் சில்லு. பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

அம்மா திரும்பினாள். லுஹெண்டே வாசலிலேயே நின்றுவிட்டான்.

அம்மா சிரித்தாள்.

"போனா போகுதுடா, அது கிழட்டு பிளாஸ்க். நீ அசையாத, கால்ல குத்தும்," என்று தட்டுத் தடுமாறி வந்து, பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பயந்துட்டியா என் ராசா? இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?"

லுஹெண்டேயின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. இடது கை மரத்துப்போனது. மூச்சை இழுக்கிறான், உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தான். மின்ஸா ஓடிவந்து பார்த்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது. தெருவில் போன பஜாஜி ஆட்டோவை நிறுத்தி, அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியெல்லாம் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொன்னான். "மன்னிச்சிடு, மன்னிச்சிடு." யாரிடம் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அங்கே நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ஒரு பெண் டாக்டர் வந்து கட்டில் ஓரம் நின்றாள். சின்ன வயசுதான்.

"இதயம் நல்லா இருக்கு. அடைப்பு எதுவும் இல்ல. இது பயத்துல வர்றது. அது வந்தப்போ எதைப் பார்த்துப் பயந்தீங்க?"

"நான் பயப்படலையே."

"அந்த நேரத்துல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல." கொஞ்சம் யோசித்தான். "எங்கம்மா சிரிச்சாங்க."

மின்ஸா அவனைப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வியாழக்கிழமை மதியம் நான் இங்க இருப்பேன். மருந்துக்கு இல்ல, பேசறதுக்கு. வருவீங்களா?" என்றாள். பார்க்கிறேன் என்றான். போகும் எண்ணம் அவனுக்கு இல்லை.

மறுநாள் விடுப்பு எடுத்திருந்தான். அம்மா கோயில் பெண்களோடு போயிருந்தாள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மின்ஸா கடையைத் திறக்கவில்லை. அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. அத்தை சிரிச்சா உங்களுக்கு ஏன் நெஞ்சு அடைக்குது?"

அவன் வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தான்.

அப்பா கெய்த்தாவில் தங்கச் சுரங்கத்தில் இருந்தார். எப்போதாவது வருவார், பிறகு அதுவும் நின்றுபோனது. அம்மா ஒற்றை ஆளாகப் பருத்தி போட்டாள். சில நாள் காலையில் பாடிக்கொண்டே எழுவாள், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு ஆடுவாள். அதே நாள் மதியம் ஒரு கைப்பிடி மாவு சிந்திவிட்டால் முகம் மாறிவிடும். அது எப்போது மாறும் என்றுதான் தெரியாது. அதனால் அவன் கேட்கக் கற்றுக்கொண்டான். வயலிலிருந்து வரும் காலடி எப்படி இருக்கிறது, மண்வெட்டியைச் சாய்க்கிறாளா போடுகிறாளா, பானையின் மூடியை எப்படி வைக்கிறாள்.

"அடிப்பாங்களா?"

"அடிச்சா முடிஞ்சுபோயிடும். அடிக்க மாட்டாங்க."

எட்டு வயதில் தண்ணீர்க் குடத்தை உடைத்துவிட்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை உகாலிக் களி பரிமாறியபோது அவனுக்குத் தட்டு வைக்கவில்லை. 'அம்மா' என்றான், அவள் திரும்பவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது அவனைக் காட்டி, "இது யார் வீட்டுப் பையன்? நம்ம வாசல்லயே நிக்குதே," என்றாள். அந்தப் பெண் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். ராத்திரி அவன் பாயைக் கதவுக்கு வெளியே போட்டாள். அவன் அவள் காலடியில் விழுந்தான். அவள் காலை நகர்த்திக்கொண்டு, கீழே கல் கிடந்தால் விலகி நடப்போமே, அப்படி நடந்து போனாள். நிஜமாகவே நான் வேறு வீட்டுப் பையன்தானோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு ஒருநாள் காலையில் கூப்பிட்டு, வறுத்த கடலையைக் கையில் கொட்டினாள். "சாப்பிடு," என்றாள். அவ்வளவுதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நேத்து புந்தாலா உடைச்சான்," என்றான் லுஹெண்டே. "தூக்கி வெச்சுக்கிட்டாங்க."

மின்ஸா தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தையா? நம்ம அத்தையா அப்படி?" என்றாள் மெதுவாக.

அவன் உடனே பின்வாங்கினான். "இல்ல, நான்தான் ஏதாவது பெருசு பண்றேனோ என்னவோ. சின்ன வயசு. சரியா ஞாபகம் இல்லாமகூட இருக்கும்."

மின்ஸா போனை எடுத்து ஹோலோவுக்குப் போட்டாள், சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தாள்.

"அண்ணி, நான் மின்ஸா. ஒண்ணு கேக்கணும். இவர் சின்ன வயசுல ஒரு குடத்த உடைச்சாராமே?"

அந்தப் பக்கம் ஹோலோ எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அவன் சொல்லிட்டானா?" என்றாள் ஹோலோ. "என் பாவாடை மடிப்புல உகாலி உருண்டைய வெச்சு எடுத்துட்டுப் போயி ஆட்டுக் கொட்டகைல குடுப்பேன். சூடு ஆறியிருக்கும். அழுதுக்கிட்டே தின்னுவான். அவன்கிட்ட பேசுனா எனக்கும் அதே கதிதான்னு அம்மா சொல்லியிருந்தாங்க. அதனால நான் பேச மாட்டேன். உருண்டைய மட்டும் குடுத்துட்டு ஓடி வந்துடுவேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "லுஹெண்டே, கேக்குறியாடா? ஏன்னு கேக்காதன்னு சொன்னேனே, இதான்."

"கேக்குது அக்கா," என்றான். உகாலி உருண்டை அவனுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அவன் முகத்தில் ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தவனின் களைப்பு தெரிந்தது. கதை உண்மைதான். அவன் கட்டிவிட்டது இல்லை.

போனை வைத்த பிறகு மின்ஸா அழுதாள். "இப்போ நான் அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்குறது? சாயங்காலம் வந்து, காலு வலிக்குதா மவளேன்னு கேப்பாங்களே. நான் என்ன சொல்ல?"

அம்மாவை அனுப்ப இடமும் இல்லை. கண் தெரியாத தாயை மறுபடி கிராமத்துக்குத் துரத்தினான் என்றால் கோயிலில் யார் முகத்தில் விழிப்பது? துரத்த அவனுக்கே மனம் வராது. அவளைப் பார்த்தால் பயம், அவளை விட்டால் அதைவிடப் பயம். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன.

அந்த வாரக் கடைசியில் அவன் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அம்மாவிடம் கேட்டான். அவள் முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கண் தெரியாதபடியால் விரலால்தான் பார்த்தாள்.

"அம்மா, நான் சின்னப் பையனா இருக்கும்போது ஒரு தண்ணிக் குடத்த உடைச்சேனே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"நீயா? நீ எதையும் உடைச்சதில்ல. உன்ன மாதிரி சாதுவான பிள்ளை எங்க கெடைக்கும்? ஒருநாளும் உன்மேல கைய நீட்டினதில்ல நான். ஊர்ல யாரை வேணா கேளு."

"அதுக்கப்புறம் கொஞ்ச நாள் நீங்க என்கூடப் பேசல."

"அதெல்லாம் இல்ல. பேசாம எப்படி இருப்பேன்? பெத்த பிள்ளை." அவள் விரல் உரிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். "கறுப்புக் குடம் அது. கழுத்துல ரெண்டு வரி கோடு போட்டிருக்கும். எங்கம்மா எனக்குக் கல்யாணத்துக்குக் குடுத்தது. அந்த மாதிரி குடம் இப்போ யாரு செய்யுறா."

லுஹெண்டே காத்திருந்தான். அவள் அடுத்த கடலையை எடுத்தாள். குடத்தின் கழுத்துக் கோடுவரை ஞாபகம் இருந்தது. வாசலில் நின்ற பையன் மட்டும் இல்லை. கோபப்பட்டுக் கத்துவோம், கத்தினால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். கத்துவதற்கு அங்கே யாரும் இல்லை. தலை நரைத்த ஒரு கிழவி கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

"இந்தா," என்று ஒரு கைப்பிடி எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க அவன் கைக்குத் தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். முதல் தடவை தன்னைப் பற்றிப் பேச வரவில்லை. விடுதியில் வந்துபோகிறவர்களைப் பற்றியே பேசினான். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை, அவன் நாற்காலியில் உட்காரும் முன்பே, "டாக்டர், நீங்க என்மேல கோபமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டதைத் தானே கேட்டு அப்படியே நின்றான். அங்கிருந்துதான் பேச்சு ஆரம்பித்தது.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. மின்ஸா மாமியாரிடம் முன்பு போலச் சிரிக்க முயன்றாள், பாதிதான் வந்தது. அம்மா அதைக் கவனித்தாள். "என்னமோ அவங்க ரெண்டு பேருக்குள்ள," என்று கோயில் பெண்களிடம் குறைப்பட்டாள். லுஹெண்டே புந்தாலாவைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போதெல்லாம், இவன் நம் காலடியைக் கேட்கிறானா என்று அவன் முகத்தையே பார்த்தான். பையன் நெளிந்து, "விடுப்பா, விளையாடணும்," என்று இறங்கி ஓடினான்.

மழைக்காலத்தில் அம்மாவின் கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும், மறந்தால் கண் கெட்டுவிடும் என்றார்கள். மின்ஸா கடைக்குப் போய்விடுவாள். மத்தியானச் சொட்டு லுஹெண்டே பொறுப்பு. அதற்காக விடுதியிலிருந்து ஓடிவருவான். ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, இன்னொரு கையால் மருந்தை விட வேண்டும். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"என்னடா, உன் கை இப்படி ஆடுது?"

"அசையாதீங்கம்மா."

அவள் அசையவில்லை. சொட்டு சரியாக விழுந்தது. அவள் இமைத்து இமைத்துப் பார்த்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு அவன் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"உனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா?" என்றாள். "நெத்தியில இவ்வளவு கோடு. அப்படி என்னடா கவலை உனக்கு?"

அவன் மருந்துப் புட்டியை மூடினான். "இன்னிக்கு நான் வர லேட்டாகும்மா. டாக்டர்கிட்ட போறேன்."

"எனக்கு மருந்து வாங்கவா?"

"இல்ல. எனக்கு."

"உனக்கு என்ன?"

"அதத்தான் பேசப் போறேன்."

அவளுக்கு அது புரியவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. சின்னக் குழந்தையின் குரல் போல இருந்தது.

"சீக்கிரம் வந்துடுடா. நீ இல்லன்னா எனக்குப் பயமா இருக்கு."

"சரிம்மா," என்றான்.

அன்று டாக்டரிடம் பேச நிறைய இருந்தது. ஆனால் நேரம் முடிவதற்கு முன்பே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டான்.